சங்க்ரியாவில் கசப்பது ஒயினா, எலுமிச்சைத் தோலா?

சங்க்ரியா என்பது ஒயினில் பழங்களை ஊறவைத்துச் செய்யும் ஸ்பெயின் நாட்டுப் பானம். பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "லீவுக்கு வந்த அக்கா குடும்பத்துக்காக சங்க்ரியா செய்தேன். டாஸ்மாக்கில் வாங்கிய ரெட் ஒயின் ஒரு பாட்டில், ஆரஞ்சு, ஆப்பிள், வாழைப்பழம், வட்டமாக நறுக்கிய எலுமிச்சை, அரை கப் சீனி. ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் ஊறியது. மறுநாள் இருமல் மருந்து மாதிரி தித்திப்பு, அடிநாக்கில் கசப்பு, போதாக்குறைக்கு ஒரே கலங்கல். எந்த ஒயின் வாங்க வேண்டும்? எதை எவ்வளவு போட வேண்டும்?"

கலங்கலுக்குக் காரணம் வாழைப்பழம். ஒயினில் ஊறினால் அது கரைந்துபோகும். பப்பாளியும் தர்ப்பூசணியும் அப்படித்தான், மூன்றையும் விட்டுவிடுங்கள். கசப்பு எலுமிச்சையிலிருந்து வந்தது. தித்திப்பைப் பாட்டிலே கொண்டுவந்திருக்கிறது, அதன்மேல் நீங்கள் அரை கப் சீனியும் போட்டிருக்கிறீர்கள்.

முதலில் பாட்டில். நம் பக்கத்துக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ரெட் ஒயினில் பலவும் 'போர்ட்' வகை, அதாவது இனிப்பு ஒயின். சங்க்ரியாவுக்கு இனிப்பில்லாத ஒயின்தான் வேண்டும். இனிப்பை நாம் அளந்து சேர்க்கலாம், பாட்டிலில் இருப்பதை எடுக்க முடியாது. லேபிளில் 'போர்ட்', 'ஸ்வீட்' என்றிருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். 'ட்ரை', அதாவது இனிப்பில்லாதது, என்று போட்டு, ஆல்கஹால் 12 முதல் 14 சதவீதம் இருந்தால் சரி. 'ரிசர்வ்', 'ஓக்' என்று எழுதிய விலை கூடிய பாட்டிலும் வேண்டாம். மரப்பீப்பாயில் கிடந்த ஒயினுக்கு ஒரு துவர்ப்பும் மரவாசமும் உண்டு. குளிரக் குளிர அந்தத் துவர்ப்பு முன்னே வரும், பழவாசம் அமுங்கும். காசும் வீண். ஸ்பெயினில் இதற்கு எடுப்பது டெம்ப்ரானியோ, கார்னாச்சா திராட்சையில் செய்த இளசான ஒயின். நமக்கு நாசிக் பக்கத்து ஷிராஸ் அல்லது ஜின்ஃபாண்டல் திராட்சை ஒயின் போதும். கபர்னே சாவிஞ்ஞோன் என்ற திராட்சையின் ஒயின் துவர்ப்புக்காரன், கடைசித் தேர்வாக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, நம்மூர் வெயில். ஏசி இல்லாத கடையில் சித்திரை, வைகாசி முழுக்க நின்ற பாட்டில் உள்ளுக்குள் வெந்துபோயிருக்கும். கார்க் வாய்க்கு மேலே துருத்திக்கொண்டிருந்தாலோ, கழுத்தில் பிசுபிசுவென்று ஒழுகிய தடம் தெரிந்தாலோ வாங்காதீர்கள். லேபிளில் வருஷம் போட்டிருந்தால் இருப்பதிலேயே புதியதைக் கேளுங்கள். திருகு மூடியை மட்டமென்று நினைக்க வேண்டாம், இந்த வேலைக்கு அதுதான் தோது.

அடுத்து எலுமிச்சை. புளியங்குடி எலுமிச்சைக்குத் தோல் மெலிசு, சாறு அதிகம், விதையும் அதிகம். ஊறுகாய்க்கு அதைவிட நல்லது கிடையாது. ஆனால் வட்டமாக நறுக்கி ராத்திரி முழுக்க ஒயினில் போட்டால் தோல், வெள்ளைச் சதை, விதை மூன்றிலுமிருந்து கசப்பு இறங்கும். ஆல்கஹால் அதைத் தண்ணீரைவிட நன்றாகவே இழுக்கும். நன்னாரி சர்பத் போடுகிறவர் கிளாஸுக்குக் கிளாஸ் எலுமிச்சையை அப்போதுதான் பிழிவார், கவனித்திருப்பீர்கள். அந்த வழக்கத்தை இங்கேயும் வையுங்கள்: சாறு மட்டும், அதுவும் பரிமாறும் நேரத்தில். சாத்துக்குடிச் சாறும் பிழிந்து வைத்தால் நேரமாக ஆகக் கசக்கும், அதனால் ஆரஞ்சே எடுங்கள்.

750 மி.லி. பாட்டில் ஒன்றுக்கு அளவு சொல்கிறேன். 3 மேசைக்கரண்டி சீனியை அதே அளவு வெந்நீரில் கரைத்து ஆறவிடுங்கள். குளிர்ந்த ஒயினில் சீனி லேசில் கரையாது, அடியில் தங்கி கடைசி கிளாஸைப் பாழாக்கும். ஒரு ஆரஞ்சின் மேல்தோலை மட்டும் வெள்ளை ஒட்டாமல் இரண்டு கீற்று சீவிக்கொள்ளுங்கள். பிறகு அதை உரித்து, விதை எடுத்து, சுளையை நறுக்குங்கள். ஒரு ஆப்பிளைத் தோலோடு அரை அங்குலத் துண்டாக்குங்கள். கைப்பிடி அன்னாசி, விரல் நீளப் பட்டை ஒன்று. இவற்றோடு 120 மி.லி. புதிதாகப் பிழிந்த ஆரஞ்சுச் சாறும், கரைத்த பாகில் பாதியும், ஒயினும் சேர்த்து, மூடி ஃபிரிட்ஜில் 4 முதல் 8 மணி நேரம் வையுங்கள். பட்டையை 2 மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பிரியாணி வாசம்தான் வரும். பிராந்தி சேர்ப்பதானால் 60 மி.லி.க்கு மேல் வேண்டாம். நம்மூர் பிராந்திக்குக் கேரமல் வாசம் தூக்கல், அளவு கூடினால் அதுதான் பேசும். எனக்குக் கேட்டால், நல்ல ஒயின் கிடைத்துவிட்டால் பிராந்தியே தேவையில்லை.

பாத்திரம் கண்ணாடியாக இருக்கட்டும். எவர்சில்வரும் பரவாயில்லை. பித்தளை, செம்பு, அலுமினியம் கூடாது, புளிப்பு உலோகத்தைத் தின்னும். ஊறுகாய் பரணியும் வேண்டாம், எத்தனை தடவை கழுவினாலும் பெருங்காய வாசம் போகாது.

பரிமாறும்போது அரை எலுமிச்சை பிழிந்து, 250 மி.லி. ஜில்லென்ற சோடா ஊற்றி, ஒரே ஒரு கிண்டு. இப்போது ருசி பார்த்து மீதிப் பாகைச் சேருங்கள். சூடாக இருக்கும்போது சரியாகத் தெரியும் இனிப்பு குளிர்ந்ததும் குறைந்து தெரியும், ஆகவே ஜில்லென்று இருக்கும்போதுதான் ருசி பார்க்க வேண்டும். ஐஸுக்குப் பதில் பன்னீர் திராட்சையை முழுசாக உறையவைத்துப் போட்டால் நீர்த்துப்போகாது. திராட்சையை நறுக்க வேண்டாம், விதை உடைந்தால் மறுபடியும் கசப்பு. மிஞ்சினால் பழத்தை வடித்தெடுத்து ஃபிரிட்ஜில் ஒரு நாள் வைக்கலாம்.

பிராந்தியும் சோடாவும் சேர்ந்த இந்த அளவில் கலவை ஏறக்குறைய 10 சதவீதம் நிற்கும். 200 மி.லி. கிளாஸ் ஒன்று, 5 சதவீத பீர் 400 மி.லி.க்குச் சமம். சர்பத் மாதிரி இறங்குவதால் இது யாருக்கும் தெரிவதில்லை. சின்ன கிளாஸில் ஊற்றுங்கள்.

குற்றால சீசனில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் வரும்போது ரெட் ஒயினை விட்டுவிட்டு, நாசிக் செனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் ஒன்று வாங்குங்கள். பட்டை வேண்டாம், பாகும் பாதி போதும்.

வீட்டில் இன்னும் ஒரு போர்ட் பாட்டில் மிச்சமிருந்தால் கொட்ட வேண்டாம். சீனி, ஆரஞ்சுச் சாறு இரண்டையும் தள்ளிவிட்டு, ஒரு முழு எலுமிச்சைச் சாறு, ஆறவைத்த கடுந்தேயிலைச் சாயம் 100 மி.லி., சோடா 300 மி.லி. சேருங்கள். இல்லாத துவர்ப்பைத் தேயிலை கொடுக்கும். ஒயின் தொடாதவர்களுக்கும் இதே உபாயம்தான்: அரை லிட்டர் பன்னீர் திராட்சைச் சாறு, 150 மி.லி. தேயிலைச் சாயம், எலுமிச்சை, அதே பழங்கள். அந்த ஜக்குக்குத் தனிக் கரண்டி போட்டுவிடுங்கள், நிறத்தை வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது.