இரவு ஷிப்ட் முடிந்ததும் காலையிலேயே உடற்பயிற்சி செய்துவிடலாமா?

நீங்களும் என்னைப் போல வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறுபவர் என்று வைத்துக்கொண்டு இந்தப் பதிலை எழுதுகிறேன். நான் கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை பார்க்கிறேன்.

முழு நைட் முடிந்து காலை 8 மணிக்கு, தலைமுடியில் ஒட்டிய பஞ்சோடு நேராக ஜிம்முக்குப் போன காலம் உண்டு. முந்தைய வாரம் மாலையில் 80 கிலோ சுமந்து உட்கார்ந்து எழுந்த கால்கள், அந்நேரத்தில் 60 கிலோவுக்கே பாதியில் நடுங்கி நின்றுவிடும். காலைப் பயிற்சிக்கு மிஞ்சியது எதுவுமில்லை என்று நம்பிய பயிற்சியாளர், எல்லோர் முன்னிலையிலும் அதைச் சோம்பேறித்தனம் என்றார். அது இன்றும் உறுத்துகிறது.

மூளையில் இருக்கும் உடல் கடிகாரம் முதன்மையாக வெளிச்சத்தை வைத்தே நேரம் கணிக்கிறது. இரவில் உறங்குபவருக்கு உடலின் வெப்பநிலை அதிகாலை 4, 5 மணி வாக்கில் மிகவும் தாழ்ந்து, மாலையில் உச்சத்தை எட்டுகிறது. தசைகளின் வலுவும் பெரும்பாலும் அதையொட்டியே ஏறி இறங்குகிறது. நாம் ஒரு வாரம் இரவில் விழித்திருப்பதால் மட்டும் இந்தக் கணக்கு முழுவதும் மாறிவிடுவதில்லை, ஏனெனில் வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் படும் வெயிலே அதைப் பழைய நிலைக்கு இழுத்துவிடும். பழ ஈக்களை வைத்து இக்கடிகாரம் இயங்கும் விதத்தைக் கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கும் 2017இல் மருத்துவ நோபல் பரிசே கொடுத்துவிட்டார்கள்; எங்கள் ஜிம்முக்குத்தான் செய்தி வந்து சேரவில்லை.

ராணுவத்தில் விடியற்காலையில்தானே ஓடுகிறார்கள் என்று சிலர் கிளம்பக்கூடும். இரவில் ஒழுங்காக உறங்கி, தினமும் ஒரே நேரத்தில் பயிற்சி செய்பவரின் உடம்பு அந்த நேரத்துக்குப் பழகிவிடும். அதை நான் மறுக்கவில்லை. நமக்கு அப்படிப் பழகுவதற்கு அவகாசம் கிடைப்பதில்லை.

இப்போதெல்லாம் முழு நைட் வாரத்தில் வீட்டுக்கு வந்ததும், ஜன்னலைத் தார்ப்பாயால் மூடி இருட்டாக்கிவிட்டு உறங்குகிறேன். எழுந்து சாப்பிட்டு, மாலை 5 மணிக்கு மேல்தான் எடை தூக்குகிறேன். மாலையில் தொடங்கி நள்ளிரவு வாக்கில் முடியும் அரை நைட் வாரத்தில் மட்டும், நன்றாக உறங்கி எழுந்து, முற்பகலில் வழக்கத்தைவிடக் குறைந்த எடையைத் தூக்குகிறேன். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். இது என் அனுபவம் மட்டுமே.

மனித உடல் கடிகாரத்தின் ஒரு சுற்று சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீளமானது என்பதால், பெரும்பாலோருக்கு உறக்கத்தைத் தள்ளிப்போடுவது எளிது, முன்னே இழுப்பது கடினம். ஆகவே பகல், அரை நைட், முழு நைட் என்ற வரிசையில் மாற்றினால் உடம்பு ஓரளவு ஈடுகொடுக்கும். எங்கள் ஆலையிலோ தலைகீழாக மாற்றுகிறார்கள். வரிசையைத் திருப்பிப் போடுவதற்குச் செலவு ஒன்றுமில்லையே என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். பட்டியல் எப்போதுமே அப்படித்தான் என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரத்துக்கு என் பெயரை அரை நைட்டில் எழுதினார்.