எலுமிச்சையில் சொறி: தாங்கும் மரம் எது?

கேள்வி: சிறுமலையில் நாட்டு எலுமிச்சையும் கமலா ஆரஞ்சும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஐப்பசி மழை ஓய்ந்ததும் எலுமிச்சையில் இலை, குச்சி, காய் எல்லாம் சொரசொரப்பான பழுப்புப் புள்ளி. கமலாவில் ஒன்றிரண்டுதான். ஒரே மண், ஒரே மழையாக இருந்தும் ஏன் இப்படி?

பதில்: இது சொறி நோய். இலையைத் தடவிப் பாருங்கள்: புள்ளி இரு பக்கமும் தக்கை போல மேடிட்டு, சுற்றிலும் மஞ்சள் வளையம் இருக்கும். காற்றோடு அடிக்கும் மழைநீரில் வரும் சாந்தோமோனாஸ் பாக்டீரியா, இளந்தளிரின் இலைத்துளை வழியாகவோ, இலைச் சுரங்கப் பூச்சி குடைந்த தடம் வழியாகவோ உள்ளே நுழைகிறது. முற்றிய இலையில் காயம் இல்லாவிட்டால் அதன் பாச்சா பலிக்காது.

உள்ளே போனதும் தன் புரதம் ஒன்றை மரத்தின் செல்லுக்குள் செலுத்துகிறது. லாப்1 என்ற மரபணுவின் முகப்பில், பூட்டுக்குள் சாவி போல, அந்தப் புரதம் போய் உட்காரும். தூங்கிக் கிடந்த மரபணு விழித்துக்கொள்ள, செல்கள் வீங்கிப் பெருகி இலைத்தோலைக் கிழிக்கின்றன. கிழிசலிலிருந்து கசியும் பாக்டீரியாவை அடுத்த மழை பரப்புகிறது. ஆக, சொறியைக் கட்டுவது மரமே. தூண்டிவிடுவதுதான் கிருமியின் வேலை.

இந்தத் தூண்டுதலுக்கு எல்லா இனமும் ஒரே அளவில் ஆடுவதில்லை. நாட்டு எலுமிச்சையும் கிரேப்ஃபுரூட்டும் மோசம், சாத்துக்குடி அதற்கு அடுத்தபடி. கமலாவில் புள்ளி குறைவு. கும்காட் என்ற சிறுபழ ஆரஞ்சு இனத்தில் கிருமி நுழைந்த இடத்துச் செல்கள் சட்டென்று செத்து அதை அங்கேயே முடக்கிவிடுகின்றன.

கேள்வி: அப்படியானால் நோய் தாங்கும் வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டினால் போதாதா?

பதில்: போதாது. சொறி வருவது தளிரிலும் காயிலும். அவை ஒட்டிய குச்சியின் சொத்து. வேர்ச்செடியின் எதிர்ப்பு மேலே ஏறாது. வேரழுகலுக்கு வேர்ச்செடி பார்ப்பது வேறு கதை.

கேள்வி: தோட்டத்தில் சொறி குறைவாக உள்ள மரத்தின் விதையைப் போடலாமா?

பதில்: நாட்டு எலுமிச்சை விதையில் பெரும்பாலான முளைகள் தாய் மரத்தின் திசுவிலிருந்தே வருவதால் குணம் அப்படியே இறங்கும். ஆனால் அந்த மரம் உண்மையில் தாங்குகிறதா, காற்று மறைவில் நின்று தப்பிக்கிறதா? இரண்டு மழைக்காலம் கவனியுங்கள். ஓரத்து மரமாக நின்று, சாரல் நேராக அடித்தும் தளிர் சுத்தமாக இருந்தால் மட்டும் விதை எடுங்கள்.

புதிதாக நடுவதென்றால் ஆந்திராவிலிருந்து வந்த பாலாஜி ரகத்தையும், பெங்களூரு தோட்டக்கலை நிறுவனம் உருவாக்கிய ரஸ்ராஜ் கலப்பினத்தையும் பாருங்கள். விதையில்லா தாஹிதி எலுமிச்சையும் நாட்டு ரகத்தைவிடத் தாங்கும். எதுவும் முழுக் கவசம் அல்ல. முதலில் 10 கன்று வைத்து, உங்கள் சந்தை வியாபாரி அந்தக் காயை எடுப்பாரா என்று கேட்டுவிட்டு மீதியை வையுங்கள்.

கேள்வி: மரபணுவைத் திருத்திய கன்று கிடைக்குமா?

பதில்: ஆய்வுக்கூடத்தில் நடந்திருக்கிறது. 2017-இல் சீன ஆய்வாளர்கள் வான்ஜின்செங் என்ற ஆரஞ்சில், மேலே சொன்ன பூட்டை, மரபணுவைக் குறித்த இடத்தில் வெட்டும் கிறிஸ்பர் முறையில் சிதைத்தார்கள். சாவி பொருந்தாமல் சொறி வெகுவாகக் குறைந்தது. கிருமி சாவியை மாற்றிக்கொள்ளவும் வாய்ப்புண்டு. அப்படிப்பட்ட எலுமிச்சைக் கன்று என்று நாற்றங்காலில் யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

கேள்வி: இப்போது நிற்கும் மரத்துக்கு என்ன வழி?

பதில்: வெயில் நாளில் நோய்க்குச்சியை வெட்டி எரியுங்கள். தளிர் விடும்போது 1 சத போர்டோ கலவை தெளியுங்கள். 10 லிட்டருக்கு: 100 கிராம் மயில்துத்தத்தை 5 லிட்டர் நீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை 5 லிட்டர் நீரிலும் தனித்தனி பிளாஸ்டிக் வாளியில் கரையுங்கள். துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் மெதுவாக ஊற்றிக் கலக்க வேண்டும். மாற்றி ஊற்றினால் கலவை திரிந்து அடியில் தங்கிவிடும். தீட்டிய இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கிப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் துத்தம் மிஞ்சியிருக்கிறது, தளிர் கருகும்; இன்னும் சுண்ணாம்புப் பால் சேருங்கள். கலக்கிய அன்றே தெளித்துவிட வேண்டும்.