வெயில் ஏறியபின் பால் வடியுமா?

நூல் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

அண்மைக்கால நாவல்களைப் படித்துவிட்டுச் மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்ட வாசகர்கள் எழுதி அனுப்பிய கேள்விகள் இந்த மாதம் இடம்பெறுகின்றன.

கேள்வி: புதிய தோட்ட நாவல் ஒன்றில் கதாநாயகி பகல் பன்னிரண்டு மணிக்குப் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டுகிறாள். கத்தியை ஓங்கி இறக்கியதும் பால் பீறிட்டு வருகிறது. "கதைதானே, விட்டுவிடுங்கள்" என்கிறார்கள் எங்கள் வாசகர் வட்டத்தில். விடலாமா?

பதில்: விடக்கூடாது. தோட்ட வேலையை அறிந்த வாசகரிடம் இருக்கும் அளவுகோல் நகரத்து விமர்சகரிடம் கிடையாது. மரத்துக்குள் பாலின் அழுத்தம் விடியலுக்கு முன்தான் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை ஆவியாக விடும், பட்டைக்குள் அழுத்தம் இறங்கும், பால் மந்தமாகிவிடும். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே மரநிரைக்குள் இறங்குவது அதனால்தான். பன்னிரண்டு மணிக்கெல்லாம் மங்குகளில் (மரத்தில் கட்டிய கிண்ணங்களில்) சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, ஸ்டோருக்குத் தூக்கிப்போய் எடைபோட்டும் முடித்திருப்பார்கள்.

கத்தியை ஓங்குவதும் பிழை. வெட்டு, மரத்தின் பாதிச் சுற்றில் இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக, ஏறத்தாழ 30 பாகைச் சரிவில் ஓட வேண்டும். பால்குழாய்கள் பட்டைக்குள் நேராக ஏறுவதில்லை, வலப்பக்கம் சற்றே சாய்ந்து ஏறுகின்றன. இந்தச் சரிவில் சீவினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். ஒரு முறை சீவும் பட்டை இரண்டு மில்லிமீட்டருக்குள்தான். கத்தி பட்டையைத் தாண்டி மரக்கட்டையைத் தொட்டுவிட்டால் அந்த இடம் முடிச்சு முடிச்சாக ஆறும், புதுப்பட்டை வளர்ந்தபிறகும் அங்கே கத்தி சீராக ஓடாது. அப்படி வெட்டுகிறவரை மண்டோர் (மேற்பார்வையாளர்) சும்மா விட்டிருக்கமாட்டார்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்றால், நீங்கள் அனுப்பிய சுருக்கத்தின்படி அந்த நாவல் அவளுடைய களைப்பைப் பற்றியது. நடு இரவு தாண்டியதுமே எழுந்து சமைத்து, தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டுபோய் ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள்கணக்கெடுப்புக்கு) ஓடுவதிலிருந்து வருகிற களைப்பு அது. வேலை நேரத்தைப் பகலுக்கு மாற்றினால் அந்தப் பிள்ளையும் அந்த இருட்டும் கதையைவிட்டுப் போய்விடும். மழையும் போய்விடும். ஈரப்பட்டையில் பால் வெட்டிய கோட்டைத் தாண்டி வழிந்து வீணாகும் என்பதால் மழைநாளில் வெட்டு கிடையாது, வெட்டு இல்லாத நாளில் கூலியும் கிடையாது. விடியற்காலை நான்கு மணிக்குக் கூரையில் விழும் தூறல் சத்தத்தைக் கேட்டு ஒரு தாய் என்ன நினைப்பாள் என்பதை எழுதத் தெரிந்தவரே தோட்ட நாவலாசிரியர்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2020இல் நடப்பதாகச் சொல்லிக்கொண்டு, லயம் (தோட்ட வரிசை வீடுகள்) முழுக்கத் தமிழ்க் குடும்பங்களை வைத்து எழுதுகிறார்கள். பெரும்பாலான தோட்டங்கள் செம்பனைக்கு (எண்ணெய்ப்பனைக்கு) மாறி எத்தனையோ காலம் ஆயிற்று. குலை வெட்டுகிறவர்களில் பலர் இந்தோனேசியர், வங்காளதேசியர், நேப்பாளியர். நம் குடும்பங்களில் பெரும்பகுதி தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கு வந்துவிட்டன. அந்த இடமாற்றத்தை எழுதுகிற நாவல்தான் இன்றைக்கு வேண்டும்.

கேள்வி: சயாம் மரண ரயிலைப் பற்றி மேலும் மேலும் நாவல்கள் வருகின்றன. இன்னொன்று தேவையா?

பதில்: தேவைதான். அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' இருக்கிறது. பிறகு கோ. புண்ணியவானின் 'கையறு' வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள். ஒரே துயரத்தை எழுத ஒருவர் எந்த இடத்தில் நிற்கிறார், மற்றவர் எங்கே நிற்கிறார் என்பது தெரியும். சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதையை 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் எழுதிவைத்த பதிவுகள் மிகக் குறைவு. அந்த வெற்றிடத்தை நாவல்தான் நிரப்புகிறது.

எதை வைத்து மதிப்பிடுவது என்றால், காலராவை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஜப்பானியச் சிப்பாயின் அடி உதையை எல்லாரும் எழுதிவிடுகிறார்கள். ஆனால் 1943 மழைக்காலத்தில் முகாம்களைக் காலி செய்தது காலரா. வெள்ளைக்காரப் போர்க்கைதிகளும் செத்தார்கள், என்றாலும் அவர்களோடு அவர்களுடைய மருத்துவர்களும் அதிகாரிகளும் இருந்தார்கள். கொதிக்கவைத்த நீரைத் தவிர வேறு குடிக்கக்கூடாது, மலக்குழியை நீர்நிலையைவிட்டுத் தள்ளி வெட்ட வேண்டும் என்று கட்டளையிட ஆள் இருந்தது. நம்மவர்களுக்கு அப்படி யாருமில்லை. ஆற்றுநீரை அப்படியே அள்ளிக் குடித்தார்கள். இந்தக் காரணத்தைக் காட்டாமல் பிணக்குவியலை மட்டும் காட்டுகிற நாவல் நம்மை அழவைக்கும், ஆனால் ஏன் செத்தார்கள் என்று சொல்லாது.

கேள்வி: எங்கள் ஊரை வைத்து எழுதிய சரித்திர நாவலில், 1947இல் காவல்காரர் அடையாள அட்டை கேட்கிறார். சரியா?

பதில்: தவறு. கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு எதிராக அறிவித்த அவசரகாலத்துக்குப் பொறியே உங்கள் ஊரில்தான் விழுந்தது. 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் பகுதித் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம் வந்தது, 1960 ஜூலை 31ஆம் தேதி வரை நீடித்தது. அடையாள அட்டை முறை வந்தது அவசரகாலத்தோடுதான்.

இத்தகைய நாவல்களில் தேதியைவிடச் சாப்பாட்டைப் பாருங்கள். காட்டிலிருந்த அந்தப் போராளிகளுக்கு உணவு போகாமல் தடுப்பதுதான் அரசின் பெரிய ஆயுதம். சில பகுதிகளில் அரிசியை வீட்டில் வைத்திருக்கவே விடாமல், பொதுச் சமையலறையில் ஆக்கிச் சோறாகக் கொடுத்தார்கள். டின் உணவு வாங்கினால் கடைக்காரர் அங்கேயே ஓட்டை போட்டுத்தான் தருவார், பதுக்கிவைத்தால் கெட்டுப்போக வேண்டும் என்பதற்காக. ஓட்டை விழுந்த அந்தப் பால்டின்னைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடக்கிற பெண்ணை எழுதினால் போதும், அந்தக் காலம் பக்கத்தில் வந்து நிற்கும். துப்பாக்கிச் சண்டைக்கு இருபது பக்கம் ஒதுக்கத் தேவையில்லை.

கேள்வி: உள்ளூர்த் துப்பறியும் நாவல்கள் ஏன் நம்பும்படியாக இல்லை?

பதில்: சட்டத்தைச் சினிமாவிலிருந்து எடுக்கிறார்கள். மலேசிய நீதிமன்றத்தில் ஜூரி முறை 1995 ஜனவரி 1 முதல் இல்லை. கைதானவரை 24 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்க வேண்டுமானால் மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோக வேண்டும். கொலை வழக்கில் தடுப்புக்காவல் முதலில் அதிகபட்சம் 7 நாள், நீட்டித்தால் இன்னும் 7 நாள். விசாரணை அதிகாரிக்கு இருக்கும் அவகாசம் இவ்வளவுதான். நல்ல எழுத்தாளர் இதையே கதையின் வேகமாக்கிவிடலாம். முடிவிலும் கவனம் வேண்டும். 2023 ஜூலையிலிருந்து கொலைக்குத் தூக்கு கட்டாயம் இல்லை. நீதிபதி 30 முதல் 40 ஆண்டு சிறை விதிக்கலாம், ஆணாக இருந்தால் பிரம்படியும் உண்டு. இன்றைய கதையில் "சட்டப்படி தூக்கைத் தவிர வேறு வழியில்லை" என்று நீதிபதி சொன்னால் புத்தகத்தை மூடிவிடலாம்.

உடலைப் பற்றியும் ஒன்று. இறந்தபின் வரும் விறைப்பு தாடை, கண்ணிமைப் பக்கம் சில மணி நேரத்தில் தொடங்கி, பிறகுதான் உடல் முழுவதும் பரவும். நம் வெப்பத்தில் சீக்கிரம் வந்து சீக்கிரம் தளரும். குளிர்நாட்டுக் கணக்கை அப்படியே எடுத்துப்போட்டால் கொலை நேரம் தவறிவிடும், கொலையாளி சொன்ன சாக்கும் நிற்காது.

கேள்வி: பேய்க் கதைகள்?

பதில்: குறுநாவல் அளவில் இருந்தால் வாங்குங்கள். பயம் முந்நூறு பக்கம் தாங்காது. முனியாண்டியையும் மலாய்ப் பெண்பேயான பொந்தியானாக்கையும் ஒரே இரவில் இறக்குகிற கதையைத் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: தமிழில் அறிவியல் புனைவு எழுதுகிறவர்கள் எதில் சறுக்குகிறார்கள்?

பதில்: தூரத்தில். செவ்வாய்க்கும் பூமிக்கும் இடையே செய்தி ஒருபக்கம் போய்ச் சேரவே 3 முதல் 22 நிமிடம் ஆகும். காதலர்கள் இரண்டு கோள்களிலிருந்து தொலைபேசியில் பேசிக்கொள்ள முடியாது, கடிதம்போலத்தான் பேச முடியும். அதைத் தடையாக நினைக்காமல் கதையாக்கினால் அருமையான நாவல் கிடைக்கும்.

கேள்வி: வட்டத்தில் ஆறு பேர், கையில் ஒரே பிரதி. எப்படிக் கலந்துரையாடுவது?

பதில்: ஆளுக்கு ஐந்து நாள் என்று முறை வையுங்கள், ஒரு மாதத்தில் சுற்று முடியும். ஓரத்தில் பென்சிலால் எழுத வேண்டாம், அடுத்தவர் உங்கள் கண்ணால் படிக்கத் தொடங்கிவிடுவார். பக்க எண்ணையும் ஒரே ஒரு வாக்கியத்தையும் தனித்தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முன்னுரையையும் அணிந்துரையையும் கடைசியில் படியுங்கள். கூட்டத்தன்று பிடிக்காதவர் முதலில் பேசட்டும், ஆனால் பக்கம் சொல்லிப் பேச வேண்டும். பிறகு எல்லாரும் குறித்த பக்கங்களைச் சேர்த்துப் பாருங்கள். ஒரே பக்கத்தை மூன்று பேர் குறித்திருந்தால் அதை ஒருவர் உரக்க வாசித்துவிட்டு, அங்கிருந்து தொடங்குங்கள்.