பழைய செயின்சாவைச் சரிசெய்து நிலம் திருத்த முடியுமா?

கேள்வி: இரண்டு வருடமாகச் சும்மா கிடந்த பழைய பெட்ரோல் செயின்சா ஒன்று கைக்கு வந்திருக்கிறது. கயிற்றை இழுத்தால் ஸ்டார்ட் ஆகவில்லை. புதரும் மரமும் மண்டிக் கிடக்கும் நிலத்தைத் திருத்த இதையே சரிசெய்து பயன்படுத்தலாமா, அல்லது புதிதாக வாங்கிவிடுவது நல்லதா?

பதில்: சரிசெய்யலாம். ஆனால் புதுப் பெட்ரோல் ஊற்றிக் கயிற்றை இழுக்கும் முன் சைலன்சரைக் கழற்றி உள்ளே பாருங்கள். அதைச் செய்யாமல்தான் என் முதல் மெஷினை நானே பலி கொடுத்தேன்.

அதுவும் உங்களுடையது போல வருடக்கணக்கில் தூங்கிய மெஷின்தான். கார்புரேட்டரைக் கழுவிப் பூட்டியதும் நாலாவது இழுப்பில் கிளம்பிவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே ஒரு குறை: ஆக்சிலரேட்டரை விட்டாலும் வேகம் உடனே இறங்காது, கொஞ்ச நேரம் ஊளையிட்டுவிட்டுத்தான் அடங்கும். கார்புரேட்டர் செட்டிங் சரியில்லை என்று நானே முடிவு கட்டி, திருகாணிகளை அப்படியும் இப்படியும் திருகி ஒருவழியாக அடக்கினேன். மூன்றாம் நாள் பருத்த அடிமரம் ஒன்றைப் பாதி அறுத்திருப்பேன், இன்ஜின் சத்தம் கீச்சென்று உயர்ந்து அப்படியே நின்றுபோனது. கயிறு அசையவில்லை. பிரித்துப் பார்த்தால் பிஸ்டனின் ஒரு பக்கம் முழுக்கக் கீறல்.

பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டின் இரு பக்கமும், காற்று புகாமல் அடைக்கும் ரப்பர் சீல் உண்டு. அதில் ஒன்று காய்ந்து வெடித்திருந்தது. செயின்சாவில் இருக்கும் டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு ஆயில் தனியாகக் கிடையாது, பெட்ரோலோடு கலந்து வருவதுதான். காற்று வேறு ஓட்டை வழியாகப் புகுந்தால் கார்புரேட்டர் வழியாக இழுபடும் பெட்ரோல் குறையும், கூடவே ஆயிலும் குறையும், சூடு ஏறும். ஊளையிட்டு மெதுவாக அடங்கியது அந்த ஓட்டையின் அறிகுறி. நான் திருகாணியைத் திருகி அறிகுறியைத்தான் மறைத்தேன்.

சரி, உங்கள் மெஷினுக்கு வருவோம். சைலன்சர் பெரும்பாலும் இரண்டு மூன்று போல்ட்டில் நிற்கும். கழற்றினால் வெளியேறும் துவாரம் வழியாக பிஸ்டனின் பக்கவாட்டு தெரியும். டார்ச் அடித்து, கயிற்றை மெதுவாக இழுத்து பிஸ்டனை மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். வழவழப்பாகவோ மெல்லிய கிடைக்கோடுகளோடோ இருந்தால் நல்லது. மேலிருந்து கீழாகக் கீறல்கள் ஓடினால், சூட்டிலோ ஆயில் இல்லாமலோ ஓடிய மெஷின் அது. கார்புரேட்டரைக் கழற்றும்போது பிஸ்டனின் எதிர்ப்பக்கத்தையும் பார்த்துவிடுங்கள். கீறல் அந்தப் பக்கம் அதிகமாக இருந்தால் ஏர் ஃபில்டர் கிழிந்து தூசி உள்ளே போயிருக்கும்.

அமுக்கத்தை, அதாவது பிஸ்டன் ஏறும்போது சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுந்துகிறது என்பதைப் பார்க்க எளிய வழி, ஸ்டார்ட்டர் கைப்பிடியைப் பிடித்து மெஷினைத் தொங்கவிடுவது. நின்று நின்று மெதுவாக இறங்கினால் உயிர் இருக்கிறது. கிணற்று வாளி மாதிரி சரசரவென்று இறங்கினால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கோ பிஸ்டனோ தேய்ந்துவிட்டது. அழுத்தம் அளக்கும் கேஜ் வைத்துப் பார்த்தால் 150 பிஎஸ்ஐ பக்கம் காட்டுவது நிம்மதி. 100க்குக் கீழே போனால் ஸ்டார்ட் ஆவதே கஷ்டம்.

இந்த இடத்தில்தான் உங்கள் கேள்விக்கு விடை கிடைக்கும். பிஸ்டன் சுத்தம், அமுக்கமும் உண்டு என்றால் கண்ணை மூடிக்கொண்டு சரிசெய்யுங்கள், மீதியெல்லாம் ரப்பரும் அழுக்கும்தான். பிஸ்டனில் மட்டும் கீறல் இருந்து, சிலிண்டர் சுவர் நகத்தால் வருடினால் தடுக்காமல் இருக்கிறதா, புது பிஸ்டனும் ரிங்கும் போட்டுப் பிழைக்க வைக்கலாம். சிலிண்டரின் உள்பூச்சே உரிந்திருந்தால், பழைய மோட்டார் சைக்கிளுக்குச் செய்வது போல ரீபோர் போட்டு, அதாவது சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கி ஓட்ட முடியாது. மெல்லிய குரோம் அல்லது நிக்கல் பூச்சு அது, போனால் போனதுதான். புது சிலிண்டர், சீல், கேஸ்கெட் என்று அடுக்கிக்கொண்டே போவதைவிட அப்போது வேறு மெஷின் பார்ப்பது புத்திசாலித்தனம்.

அடுத்தது பெட்ரோல் வரும் வழி. எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், ரப்பரையும் கெடுக்கும். இரண்டு வருடம் கிடந்த மெஷின் என்றால் டேங்குக்குள் இருக்கும் ட்யூப் தொட்டாலே பிய்ந்து வரும். ட்யூப், டேங்க் ஃபில்டர், கார்புரேட்டர் கிட் (அதன் சவ்வும் கேஸ்கெட்டும் சேர்ந்த செட்) மூன்றையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். இந்தக் கார்புரேட்டரில் மிதவை கிடையாது. மெஷினைச் சாய்த்தும் கவிழ்த்தும் பிடிக்க வேண்டியிருப்பதால், ரப்பர் சவ்வுதான் பெட்ரோலை இழுத்துக் கொடுக்கிறது. அந்தச் சவ்வு அடிக்க வேண்டிய துடிப்பு கிராங்க் அறையிலிருந்து ஒரு சின்னத் துளை அல்லது குழாய் வழியாக வருகிறது. அந்தக் குழாய் வெடித்திருந்தால் கார்புரேட்டரைப் பத்து முறை கழுவினாலும் ஒரு சொட்டு வராது. பிரிக்கும்போது ஒவ்வொரு அடுக்கையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சவ்வு முதலா கேஸ்கெட் முதலா என்பது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது, நான் மாற்றிப் பூட்டி அரை நாள் இழுத்திருக்கிறேன். பத்து நிமிடம் ஓடி நின்றுவிட்டு, டேங்க் மூடியைத் தளர்த்தினால் மறுபடி ஓடுகிறதென்றால், டேங்கின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. அதற்குக் கார்புரேட்டரைத் தொடவே வேண்டாம்.

பிளக் இடைவெளி 0.5 மி.மீ. கழற்றிய பிளக்கை வயரில் மாட்டி, அதன் உலோகத்தை சிலிண்டரில் ஒட்டி வைத்துக் கயிற்றை இழுத்தால் பொறி தெரிய வேண்டும். பக்கத்தில் பெட்ரோல் சிந்தியிருக்கக் கூடாது, இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பொறி வரவில்லை என்றதும் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் வாங்க ஓடாதீர்கள். நிறுத்தும் சுவிட்சுக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை பாருங்கள், வயர் உரிந்து மெஷினின் உலோக உடம்பில் தொட்டுக்கொண்டிருப்பது சகஜம்.

இவ்வளவும் ஆன பிறகு, ஸ்டார்ட் பண்ணும் முன், காற்றுக் கசிவைச் சோதியுங்கள். வெளியேறும் துவாரத்தையும் கார்புரேட்டர் துவாரத்தையும் ரப்பர் துண்டால் அடைத்து, பிளக்கைப் பூட்டி, துடிப்புக் குழாய் வழியாகக் கேஜ் உள்ள கைப்பம்பால் சுமார் 7 பிஎஸ்ஐ அளவுக்குக் காற்றடிக்க வேண்டும். கேஜின் முள் இறங்கினால் சோப்பு நீரைத் தடவுங்கள், ஓட்டை தானாகக் குமிழி விட்டுக் காட்டிக்கொடுக்கும். ஃப்ளைவீலுக்குப் பின்னாலும் கிளட்சுக்குப் பின்னாலும்தான் சீல்கள் இருக்கும். கிளட்ச் மறை தலைகீழ், அதாவது கடிகாரம் சுற்றும் திசையில் திருகினால்தான் கழலும். தெரியாமல் வழக்கமான பக்கம் பலத்தைக் காட்டினால் தண்டோ கிளட்சோ உடையும். பிஸ்டன் நகராமலிருக்க பிளக் துளை வழியாக முடிச்சுப் போட்ட கயிற்றை உள்ளே விட்டுக்கொள்ளுங்கள், இரும்புத் துண்டு வேண்டாம்.

கலவை விகிதம் மெஷினின் புத்தகத்தில் சொன்னதுதான். 50:1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மி.லி. ஆயில், 25:1 என்றால் 40. டூ ஸ்ட்ரோக்குக்கென்று வரும் ஆயில்தான் வேண்டும். ஒரு மாதத்தில் தீரும் அளவுக்கு மட்டும் கலந்துகொள்ளுங்கள்.

கார்புரேட்டரில் பொதுவாக மூன்று திருகாணி: எல் குறைந்த வேகத்துக்கு, எச் முழு வேகத்துக்கு, மூன்றாவது ஸ்லோவை, அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது ஓடும் வேகத்தை ஏற்றி இறக்க. முதல் இரண்டையும் மென்மையாக உள்ளே முட்டும்வரை திருகி, ஒரு சுற்று வெளியே எடுத்து ஆரம்பியுங்கள். இன்ஜின் சூடான பிறகுதான் நுணுக்கம். முழு ஆக்சிலரேட்டரில் காற்றில் பிடிக்கும்போது சத்தம் சற்றே கரகரவென்று பிசிறடிக்க வேண்டும், மரத்தில் வைத்ததும் அந்தப் பிசிறு போய்ச் சீராக வேண்டும். காற்றிலேயே சுத்தமாகக் கீச்சிட்டால் பெட்ரோல் பற்றவில்லை, எச்சைக் கொஞ்சம் வெளியே திருகுங்கள். கேட்க இனிமையாக இருக்கும் அந்தச் சத்தம்தான் பிஸ்டனைத் தின்னும். ஸ்லோவில் செயின் சுற்றவே கூடாது.

இன்ஜினைப் பற்றி இவ்வளவு சொன்னாலும், நிலம் திருத்தும் வேலையில் உங்களை உட்கார வைக்கப் போவது செயின்தான். காட்டில் நிற்கும் மரத்தை அறுப்பதும் இதுவும் ஒன்றல்ல. அடிமரத்தில் மண் தெறித்து ஒட்டியிருக்கும், புதருக்குள் கல் இருக்கும், பழைய வேலிக் கம்பியை மரம் விழுங்கியிருக்கும். ஓடும் செயின் தரையை ஒரு நொடி தொட்டால் போதும், காலையில் தீட்டிய கூர் அத்தனையும் போய்விடும். அதனால் மரத்தை ஒரு சாண் உயரத்தில் அறுத்துவிட்டு, மிச்ச அடிக்கட்டையைக் கடப்பாரைக்கோ பெரிய இயந்திரத்துக்கோ விட்டுவிடுங்கள். அறுக்கும் இடத்தில் பட்டையோடு மண்ணைக் கோடாலியால் சீவித் தள்ளிவிடுவது இரண்டு நிமிட வேலை. செயின் வாங்கும்போது முனை சற்று உருண்ட பல்லுள்ளதைக் கேளுங்கள். கூர்முனைப் பல் வேகமாக அறுக்கும், ஆனால் மண் பட்டால் சீக்கிரம் மழுங்கும். கையில் மூன்று செயினாவது இருக்கட்டும்.

இன்று நாம் தீட்டும் இந்தப் பல்லின் வடிவத்துக்குப் பின்னால் ஒரு புழு இருக்கிறது. அமெரிக்காவில் மரம் வெட்டிக்கொண்டிருந்த ஜோ காக்ஸ் என்பவர், 1946இல் ஒரு வண்டின் புழு கெட்டி மரத்தை இடமும் வலமுமாகக் கடித்துத் துளைப்பதைக் கவனித்து, அதன் தாடையைப் போல வளைந்த பல்லைச் செய்தார். அதற்கு முந்தைய செயின்கள் கைவாளின் பல்லைப் போல மரத்தைச் சுரண்டித் தள்ளின. காக்ஸின் பல் சீவி எடுத்தது. தீட்டும்போது இதை நினைத்துக்கொண்டால் போதும்: மேல்தட்டும் பக்கத்தட்டும் சேரும் மூலைதான் புழுவின் தாடை, அங்கே கூர் இருக்க வேண்டும்.

உருண்டை அரத்தின் அளவு செயினைப் பொறுத்தது. அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளில் முதலிலிருந்து மூன்றாவது வரை அளந்து பாதியாக்கினால் பிட்ச், அதாவது செயினின் அளவு கிடைக்கும். 0.325 அங்குலச் செயினுக்கு 4.8 மி.மீ. அரம், சின்ன மெஷின்களில் வரும் மெல்லிய 3/8 செயினுக்கு 4 மி.மீ. பெரும்பாலான செயின்களுக்குக் கோணம் 30 டிகிரி. அரம் பல்லின் உள்ளிருந்து வெளியே போக வேண்டும், திரும்பி வரும்போது உரசக் கூடாது. எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் இழுப்பு. ஒரு பக்கப் பல் குட்டையானால் வெட்டு ஒரு பக்கமாக வளைந்துபோகும், ஆள் பார் (செயின் ஓடும் நீண்ட தட்டு) வளைந்துவிட்டதென்று நினைத்துக்கொள்வார். ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சின்ன மேடு உண்டு. பல் எவ்வளவு ஆழம் கடிக்க வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. பல்லின் நுனியைவிட 0.65 மி.மீ. தாழ்வாக இருப்பது வழக்கமான அளவு. நாலைந்து முறை தீட்டியபின் கேஜ் வைத்துப் பார்த்து, தட்டை அரத்தால் இழுத்துவிடுங்கள். ஆசைப்பட்டு அதிகம் இறக்கினால் செயின் மரத்தைப் பிடித்து உதறும். வெட்டிலிருந்து சீவல் சீவலாக விழுகிறதா, மாவு மாதிரி கொட்டுகிறதா என்று பாருங்கள். மாவு என்றால் உடனே நிறுத்தித் தீட்ட வேண்டும். மழுங்கிய செயினை அழுத்தி அறுப்பது பாரையும் கிளட்சையும் முதுகையும் சேர்த்து அழிக்கும்.

பாரைக் கழற்றி, காடியில் அடைத்திருக்கும் ஆயில் கலந்த மரத்தூளை வழித்தெடுங்கள், செயினுக்கு ஆயில் வரும் துளையையும் கம்பியால் குத்துங்கள். ஓரத்தில் பிசிர் இருந்தால் தட்டை அரம். மறுபடி பூட்டும்போது கவிழ்த்துப் பூட்டினால் தேய்மானம் இரு பக்கமும் சமமாகும். ஆயில் வருகிறதா என்று அறிய, பாரின் நுனியை வெளுத்த மரத்துண்டுக்கு மேல் ஒரு சாண் தூரத்தில் பிடித்து வேகம் கொடுங்கள், ஈரக் கோடு விழ வேண்டும். செயின் பாரின் அடியில் ஒட்டியிருக்க வேண்டும், கையுறை போட்ட கையால் இழுத்தால் நகரவும் வேண்டும். வேலையின்போது சூட்டில் தளர்ந்ததை முறுக்கியிருந்தால், நிறுத்தியதும் மறக்காமல் தளர்த்திவிடுங்கள். குளிர்ந்து சுருங்கும்போது கிராங்க் தண்டை இழுக்கும்.

பழைய மெஷினில் நான் விட்டுக்கொடுக்காத ஒரே விஷயம் செயின் பிரேக். முன்னால் இருக்கும் தடுப்பைத் தள்ளினால் செயின் அந்தக் கணமே நிற்க வேண்டும். பாரின் நுனியின் மேல்பாதி எதிலாவது பட்டால் மெஷின் முகத்தை நோக்கித் துள்ளும், புதருக்குள் அது எதில் படுகிறதென்றே தெரியாது. பிரேக் வேலை செய்யாத மெஷினோடு புதருக்குள் போகாதீர்கள். விரல் பருமன் சிம்புகளுக்கு இதை எடுக்கவே வேண்டாம். செயின் அவற்றை அறுக்காமல் இழுத்து உங்கள் மேல் வீசும், அரிவாள் போதும். வளைந்து விறைத்து நிற்கும் இளமரத்தை ஒரே வெட்டில் அறுத்தால் வில் மாதிரி அடிக்கும். வளைவின் உள்பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி விறைப்பை இறக்குங்கள். காது மூடி, முகவலை, வெட்டுத் தாங்கும் கால்சட்டை, பூட்ஸ் இல்லாமல் ஸ்டார்ட் பண்ண வேண்டாம்.

தினமும் வேலை முடிந்ததும் ஏர் ஃபில்டரைத் தட்டி, சிலிண்டரின் குளிர்விக்கும் இதழ்களுக்கிடையில் அடைத்த தூளைப் பிரஷ்ஷால் தள்ளுங்கள். மூடியைக் கழற்றினால்தான் அது தெரியும், பலர் கழற்றுவதே இல்லை. ஒரு மாதத்துக்கு மேல் தொட மாட்டீர்கள் என்றால் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஸ்லோவில் ஓடவிட்டு வைத்துவிடுங்கள்.