நைட்ரோவைக் கூட்டும் முன் நீடிலைப் பாருங்கள்

கேள்வி: என் மாதிரி விமானத்தின் 46 அளவு (0.46 கன அங்குலம்) டூ-ஸ்ட்ரோக் க்ளோ இன்ஜினுக்கு (பிளக்கின் சூடான கம்பியால் பற்றவைப்பது) 5% நைட்ரோ (நைட்ரோமீத்தேன்) கலந்த மெத்தனால் எரிபொருள் ஊற்றுகிறேன். 25 சதவீதத்துக்கு மாறினால் சக்தி கூடுமா?

பதில்: கூடும். ஒரு கிலோ மெத்தனால் முழுதாக எரிய சுமார் 6.4 கிலோ காற்று வேண்டும், நைட்ரோமீத்தேனுக்கு 1.7 கிலோ போதும். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதல் எரிபொருளை எரிக்க முடிகிறது. அதே காரணத்தால் நீடிலையும் (எரிபொருள் வரத்தைக் கட்டுப்படுத்தும் ஊசித் திருகு) கூடுதலாகத் திறக்க வேண்டும். பழைய இடத்திலேயே விட்டால் கலவை லீனாகி (எரிபொருள் குறைந்து) இன்ஜின் சூடேறும். அமுக்கம் அதிகமுள்ள இன்ஜினில் பற்றவைப்பு முந்திக்கொண்டு பிளக் கம்பி அறுந்துபோகும். எண்ணெய் பொரிவதுபோல் சத்தம் வந்தால் அமுக்கத்தைக் குறைக்க, சிலிண்டர் ஹெட்டின் கீழ் 0.1 மி.மீ. ஷிம் (மெல்லிய வளையம்) ஒன்று கூடுதலாக வையுங்கள். சாதாரணப் பறப்புக்கு 10 முதல் 15 சதவீதமே தாராளம். கம்பியில் கட்டி வட்டமாகப் பறக்கவிடும் எஃப்2ஏ வேகப்போட்டியில் நைட்ரோவுக்கே அனுமதியில்லை. மெத்தனால் 80, எண்ணெய் 20. அதிலேயே 2.5 சிசி இன்ஜின்கள் மணிக்கு 300 கி.மீ. அளவுக்குப் பறக்கின்றன.

கேள்வி: தரையில் அருமையாக ஓடுகிறது. மேலே ஏற்றினால் சத்தம் மெலிந்து நின்றுவிடுகிறது. பிளக்கை மாற்றியும் பயனில்லை.

பதில்: பிளக் மேல் பழி வேண்டாம். தரையிலேயே உச்ச வேகத்துக்கு நீடிலை மூடியிருப்பீர்கள். மூக்கு மேலே போனதும் டேங்க் கார்புரேட்டரைவிடத் தாழ்ந்து எரிபொருள் வரத்து குறைகிறது, கலவை லீனாகிறது.

இன்ஜினை ஒரு நிமிடம் சூடாக்கி, த்ராட்டிலை முழுதாகத் திறந்து, நீடிலை ஒவ்வொரு க்ளிக்காக மூடுங்கள். கை எப்போதும் புரொப்பல்லருக்குப் பின்னாலிருந்தே வரட்டும். வேகம் உச்சம் தொட்டதும், டாகோமீட்டரில் (சுற்றுவேக அளவி) 300 ஆர்.பி.எம். குறையும்வரை திறந்து விடுங்கள். டாகோமீட்டர் இல்லையென்றால் எரிபொருள் குழாயை நொடிப்பொழுது கிள்ளிப் பாருங்கள். வேகம் சற்று ஏறினால் சரி. ஏறாமல் விழுந்தால் லீன். பிறகு உதவிக்கு ஒருவரை வைத்து, முழு த்ராட்டிலில் மூக்கை வானம் பார்க்க 10 நொடி பிடிக்கச் சொல்லுங்கள். சத்தம் தொய்ந்தால் இன்னும் இரண்டு க்ளிக் திறக்க வேண்டும். மஃப்ளரிலிருந்து மெல்லிய புகைக்கோடு விடாமல் வர வேண்டும்.

அப்படியும் நின்றால் டேங்கைப் பாருங்கள். அதன் நடுக்கோடு நீடிலுக்கு நேராகவோ 1 செ.மீ. வரை தாழ்ந்தோ இருக்கட்டும். சுற்றிலும் ஸ்பாஞ்ச் இல்லையென்றால் அதிர்வில் எரிபொருள் நுரைத்து, குழாயில் குமிழிகள் வரும். டேங்குக்குள் இருக்கும் சிலிக்கான் குழாயில் ஊசிமுனைத் துளை விழுந்தாலும் இதே கதைதான். வெளியிலிருந்து அது தெரியாது. வருடம் ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: த்ராட்டிலைச் சட்டெனத் திறந்தால் அணைகிறது.

பதில்: மேலே சொன்னபடி பிரதான நீடிலைச் சரிசெய்த பிறகே ஐடில் ஸ்க்ரூவைத் (குறைந்த வேகக் கலவைக்கான திருகு) தொடுங்கள். புகையில்லாமல் டக்கென அணைந்தால் லீன். அரைக்கால் சுற்று திறக்கவும். திணறி, புகை கக்கி, மெதுவாக ஏறினால் ரிச் (எரிபொருள் மிகுதி). அதே அளவு மூடவும்.

கேள்வி: 11x6 புரொப்பல்லரை (விட்டம் 11 அங்குலம், ஒரு சுற்றில் முன்னேறும் தூரமான பிட்ச் 6 அங்குலம்) 10x6 ஆக்கினேன். சுற்று ஏறியது, விமானம் மந்தமாகிவிட்டது. ஏன்?

பதில்: பெரிய இறக்கையுள்ள பயிற்சி விமானத்துக்கு முன்னே இழுக்கும் விசை வேண்டும், அது விட்டத்திலிருந்து வருகிறது. 11x5 போட்டுப் பாருங்கள். 10x7 வேக விமானத்துக்கு ஏற்றது. எதைப் போட்டாலும் பேலன்ஸ் பாருங்கள், கனமான இலையின் பின்புறத்தை உப்புத்தாளால் தேயுங்கள்.

கேள்வி: ஒரு சீசன் பறக்காமல் வைத்திருந்ததில் பேரிங் கரகரக்கிறது.

பதில்: மெத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், நைட்ரோவின் எச்சம் அமிலமாகும். பின்பக்கப் பேரிங் துருப்பிடித்திருக்கும், மாற்றுங்கள். இனி கடைசிப் பறப்பு முடிந்ததும் எரிபொருள் குழாயைக் கிள்ளி இன்ஜினைத் தானாக அணையவிட்டு, கார்புரேட்டரிலும் பிளக் துளையிலும் ஆஃப்டர்-ரன் எண்ணெய் (துருவைத் தடுப்பது) சில சொட்டு விட்டு, கையால் சுழற்றி வையுங்கள்.