வாசகர் கேள்வி: நீர்க்காகம் மீனைத் தீர்த்துவிடுமா?

கேள்வி: பல நாடுகளின் ஏரிகளில் நீர்க்காகங்கள் பெருகிவிட்டதால் மீன்பிடிப்பு நலிந்துவிட்டதாகவும், அவற்றைச் சுட்டுக் குறைக்க அரசுகளே அனுமதி தருவதாகவும் படித்தேன். ஒரு பறவையால் மீனவர் பிழைப்பு கெடுமா? அல்லது பழி போட ஒரு கறுப்புப் பறவை கிடைத்துவிட்டதா?

பதில்: இரண்டும் நடந்திருக்கின்றன. பறவைகள் பெருகியிருப்பது உண்மை. வட அமெரிக்கப் பேரேரிகளில் 1970களின் தொடக்கத்தில் 200 ஜோடிகள்கூடக் கூடு கட்டவில்லை. 2000ஆம் ஆண்டுவாக்கில் அந்த எண்ணிக்கை 1 லட்சத்தைத் தாண்டியது. முட்டை ஓட்டை மெலியச் செய்து, அடைகாக்கும் தாயின் எடைக்கே உடைய வைத்த டி.டி.டி. பூச்சிக்கொல்லியை அமெரிக்கா 1972இல் தடை செய்தது; அதே ஆண்டில் இப்பறவைக்குச் சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது. கடலிலிருந்து ஏரிகளுக்குள் புகுந்து பெருகியிருந்த ஏல்வைஃப் என்னும் சிறு மீன் அவற்றுக்கு விருந்தாயிற்று. ஐரோப்பாவில் 1979ஆம் ஆண்டின் பறவைகள் சட்டம் காத்த பெரிய நீர்க்காகம், 1997இல் சிறப்புப் பாதுகாப்புப் பட்டியலிலிருந்தே நீக்கப்படும் அளவுக்குப் பெருகியது. மீனவர் ‘பெருக்கம்’ என்பதைப் பறவை ஆய்வாளர் ‘மீட்சி’ என்பார். கணக்கை எந்த ஆண்டிலிருந்து தொடங்குகிறோம் என்பதில்தான் பாதிச் சண்டையே இருக்கிறது.

ஒரு நீர்க்காகம் நாளொன்றுக்கு ஏறத்தாழ அரைக் கிலோ மீன் தின்னும். இதைப் பறவைகளின் எண்ணிக்கையாலும் நாட்களாலும் பெருக்கி, அத்தனை டன் மீன் வலைக்கு வராமல் போயிற்று என்று வாதிடுகிறார்கள். பெருக்கலில் பிழையில்லை; முடிவில்தான் பிழை. பறவை விழுங்கும் மீன்களில் பெரும்பாலானவை சிறியவை; அவற்றில் மிகப்பல, பறவை தொடாவிட்டாலும் பெரிய மீனுக்கு இரையாகியோ பசியாலோ குளிராலோ மடிந்திருக்கும். பல இடங்களில் அவை மனிதர் விலை கொடுத்து வாங்காத மீன்களும்கூட. வந்தேறி இனமான உருண்டை உளுவை என்னும் சிறு மீன் பேரேரிகளில் பரவிய பின், பல கூட்டங்களுக்கு அதுவே முதன்மை இரையாகிவிட்டது.

அதற்காக மீனவர் சொல்வதைப் புலம்பல் என்று தள்ளிவிடவும் முடியாது. நியூயார்க் மாநிலத்தின் ஒனைடா ஏரி அதற்குச் சான்று. அங்கே நீர்க்காகங்கள் தின்றவை முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த குஞ்சுகள் அல்ல; பெரும்பாலானவை மடிந்துபோகும் பருவத்தைத் தாண்டி, இன்னும் ஓரிரு ஆண்டுகளில் தூண்டிலுக்கு வரவிருந்த வால்ஐ, மஞ்சள் பெர்ச் ஆகிய மீன்களின் இளசுகள். அந்த வயதில் ஒரு மீன் போனால் அதன் இடத்தை நிரப்ப வேறு மீன் இல்லை. நீண்ட கால ஆய்வுகள் அந்த இழப்பை உறுதி செய்தன. ஆகவே எத்தனை டன் தின்றது என்று கேட்பதைவிட, எந்த இனத்தை எந்த வயதில் தின்றது என்று கேட்பதே பொருந்தும். பறவை கக்கும் எச்ச உருண்டைகளில் கிடைக்கும் மீனின் காதுக்கற்களின் வடிவையும் அளவையும் வைத்தே அதற்கு விடை காண்கிறார்கள்.

கேள்வி: அப்படியானால், பாதிப்பு உறுதியான இடத்தில் சுட்டுவிடுவதுதானே எளிய வழி?

பதில்: எளிய வழிதான், பலன்தான் உறுதியில்லை. அமெரிக்காவின் கொலம்பியா ஆற்று முகத்துவாரத்தில், கிழக்கு மணல் தீவு என்னும் இடத்தில் பெருங்கூட்டமாகக் கூடு கட்டிய நீர்க்காகங்கள், கடலுக்குச் செல்லும் சால்மன் குஞ்சுகளைத் தின்றன என்பதற்காக 2015 முதல் ஆயிரக்கணக்கில் சுடப்பட்டன. அடுத்த ஆண்டே கூட்டம் தீவைக் கைவிட்டது. பின்னர் பெரும்பகுதி ஆற்றின் மேற்புறத்திலுள்ள ஒரு பாலத்தில் குடியேறியது. தீவில் இருந்தவரை நெத்திலி போன்ற கடல் மீன்களும் அவற்றுக்குக் கிடைத்தன. பாலத்தடியிலோ கடல் மீன் குறைவு, சால்மன் குஞ்சுகளே எளிதில் அகப்படும் இரை. ஒவ்வொரு பறவையும் முன்பைவிட அதிக சால்மன் தின்னத் தொடங்கியது. எச்சத்தால் பாலத்தின் இரும்பு அரிக்கப்படுவது தனிக் கவலை.

கேள்வி: முட்டைகளை அழித்தால்?

பதில்: உடைத்தால் மறுபடி இடும். அதனால் முட்டைகளின் மேல் சோள எண்ணெய் பூசுகிறார்கள். ஓட்டின் நுண்துளைகள் அடைபட்டுக் கரு இறந்துவிட, தாய் அதை அறியாமல் பருவம் முடியும்வரை அடைகாத்துக்கொண்டே இருக்கும். ஆண்டுதோறும் செய்தால் கூட்டம் மெல்லக் குறையும். வெளியிலிருந்து புதிய பறவைகள் வந்து சேராத இடத்தில் மட்டும். மீன் வளர்ப்புக் குளங்களின் நிலை வேறு: இரை நெருக்கமாக, தப்ப வழியின்றி இருப்பதால் அங்கே நட்டம் ஐயத்துக்கிடமற்றது. சிறிய குளமாக இருந்தால் மேலே வலை கட்டிவிடலாம். பல ஏக்கர் குளத்துக்கு அது கட்டுப்படியாகாது. அங்கே இரவில் பறவைகள் அடையும் மரங்களிலிருந்து அவற்றைத் தொடர்ந்து கலைப்பதையே நடைமுறையில் செய்கிறார்கள்.