நாற்பது பக்கம் வந்தும் கதை நகரவில்லையா?

கேள்வி: ஈரோடு புத்தகத் திருவிழாவில் 112 பக்கக் குறுநாவல் ஒன்று வாங்கினேன். தோட்டத்துச் சாளையில் (வயல்காட்டு வீட்டில்) தனியாக இருக்கும் பாட்டியின் அன்றாடம்தான் கதை. வாசல் தெளிக்கிறார், கோழியை அதட்டுகிறார், சாவிக்கொத்தை எண்ணுகிறார், மகனோடு போனில் பேசுகிறார், மறுபடியும் சாவியை எண்ணுகிறார். 40 பக்கம் ஆகியும் ஒன்றும் நடக்கவில்லை. இதை எப்படி ரசிப்பது?
– ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: அந்தச் சாவிக்கொத்தை விட்டுவிடாதீர்கள், சகோதரி. இந்த வகை நாவலில் அடுத்து என்ன நடக்கும் என்று தேடினால் ஏமாற்றம்தான். போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் என்ன மாறியிருக்கிறது என்று தேட வேண்டும். பாட்டி சாவி எண்ணும் பக்கங்களை மட்டும் எடுத்து அடுத்தடுத்துப் படியுங்கள். யார் வந்துபோன பிறகு எண்ணுகிறார், எந்தச் சாவியில் விரல் நிற்கிறது என்று பாருங்கள். 'இதுதான் முன்பே வந்ததே' என்று தாண்டுகிறவர்களுக்குத்தான் கதை நகராது.

ஒரே ராத்திரியில் முடிக்க வேண்டாம். மாதக்கணக்கில் இழுத்தாலும் சின்ன விவரங்கள் மறந்துபோகும். நாளுக்கு 15, 20 பக்கம் என்றால் ஒரு வாரத்தில் முடியும். திரும்ப வரும் செயல்களுக்குப் பென்சிலால் ஓரத்தில் ஒரு புள்ளி வையுங்கள், பக்க எண்ணைக் கடைசி வெற்றுத்தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

பேச்சு வரும் இடங்களை வாய்விட்டுப் படியுங்கள். நம் கொங்குப் பேச்சில் பாதி விஷயம் 'ங்க'வில் இருக்கிறது. பேரன் வயதுப் பையனாக இருந்தாலும், வெளியாள் என்றால் பாட்டி 'வாங்க, உக்காருங்க' என்பார். மகனிடம் 'வாடா, போடா' என்பார். அதே மகனிடம் திடீரென்று 'சரிங்க, நீங்க சொன்னாச் சரிதானுங்க' என்றால் அங்கே பெரிய சண்டையே நடந்துவிட்டது. ஆசிரியர் அதைத் தனியாக எழுத மாட்டார். கண்ணால் மட்டும் ஓட்டினால் தப்பிவிடும், காதில் விழுந்தால் பிடிபடும். நிதானமாக வாசித்தால் பக்கத்துக்கு இரண்டு நிமிடம்தான்.

வட்டார வழக்குக்கு உங்களுக்கு அகராதி தேவைப்படாது. சென்னைத் தோழிக்குக் கொடுத்தால்தான் சிக்கல். 'நோம்பிக்கு ஒறம்பரை வந்தாங்க' என்பதைப் படித்துவிட்டு, பண்டிகைக்கு வந்த விருந்தாளிகளை விரதமிருக்க வந்தவர்களாக நினைத்துவிடுவார். பெருமாள்முருகனின் 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி'யைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பலர் சறுக்குவது இன்னோர் இடத்தில். கதைப் பாட்டியைத் தங்கள் அம்மிச்சியாகவே (அம்மாவைப் பெற்ற பாட்டியாகவே) ஆக்கிவிடுவார்கள். அப்புறம் 'எங்க அம்மிச்சி இப்படிச் செய்யமாட்டாங்களே' என்று கோபம் வரும், இல்லையென்றால் 'பாவம்' என்று உச்சுக்கொட்டத் தோன்றும். இரண்டுமே அவரைப் பார்க்கவிடாது. ஒவ்வொரு விசித்திரப் பழக்கத்திலும், இதனால் இவருக்கு என்ன மிச்சமாகிறது, எதற்குப் பயந்து இதைச் செய்கிறார் என்று கேளுங்கள். சிரிப்பு அதற்குப் பிறகும் வரும், இன்னும் நன்றாகவே வரும்.

80 பக்கம் வரை இப்படிப் படித்தும் சாவி அதே சாவியாகவே இருந்தால், தவறு எழுதியவருடையது. தயங்காமல் மூடிவையுங்கள். அதற்குமுன், மகனோடு போனில் பேசும் பக்கங்களை இன்று பொழுதோட (சாயங்காலம்) ஒருமுறை சத்தமாகப் படித்துப் பாருங்கள்.